கூமுட்டை யாருடா, பேராண்டி?

வாடா பேராண்டி. பாத்து வா, களத்துல காப்பிக்கொட்டை காயுது, மிதிச்சிராதே. அந்தத் திண்ணையில உக்காரு. கையில என்னது, அட்டைப்பெட்டி? பச்சப்புள்ளையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி ரெண்டு கையாலயும் ஏந்திட்டு வர்றே! கல்யாணம் பண்ணிக்கடான்னா பிடி குடுக்க மாட்டேங்கறே, அட்டைப்பெட்டியைத் தாலாட்டறே.

முட்டையா? பன்னெண்டா? கிளிமூக்கு விசிறிவால் சேவலோட வாரிசா? அடேங்கப்பா. ஒண்ணு என்ன வெலை? முந்நூறா! மெதுவாச் சொல்லுடா, உங்க ஆயா காதுல விழுந்தா அடுப்படியிலயே சாஞ்சிருவா. முந்நூறு ரூபா பெறுமான சமாச்சாரத்தை நம்ம கோழிங்க இத்தனை வருஷமா கூடையில சும்மா போட்டுட்டுப் போயிருக்குதுங்க. பாவம், அதுங்களுக்கு போட்டோ எடுத்துப் போடத் தெரியல.

பெட்டி வேற வாங்கிட்டியா? தெர்மாகோல் பெட்டி, உள்ள விசிறி, பல்பு, வெளியில சிவப்பு நம்பர் ஓடுது. சபாஷ். எனக்கு இதெல்லாம் என்னடா தெரியும்? நான் கைநாட்டு. நீ பெங்களூர்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தவன். வீட்டுலருந்தே வேலைன்னு தலைச்சோலைக்கு மலையேறி வந்தவன். உனக்குப் புத்தி சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. ஏதோ நாலு கேள்வி கேக்கறேன், தெரிஞ்சா சொல்லு.

மொதக் கேள்வி. போட்டோவுல நின்ன சேவல்தான் இந்த முட்டைக்கெல்லாம் அப்பனா?

ஏன் முழிக்கறே? கோழி விஷயத்துல ஒரு சூட்சுமம் இருக்கு. சேவல் ஒரு தடவை மிதிச்சா, அந்த வித்தைக் கோழி ரெண்டு வாரம் வரைக்கும் வயித்துக்குள்ள பத்திரமா வெச்சிருக்கும். போன வாரம் வரைக்கும் அந்தப் பொட்டை எந்தக் குப்பைமேட்டுச் சேவலோட சுத்திட்டு இருந்துச்சோ, யாரு கண்டா? விசிறிவாலைக் கூட விட்டு மூணு நாள்ல முட்டையெடுத்து வித்தா, உனக்குப் பொரிக்கறது குப்பைமேட்டு வாரிசாத்தான் இருக்கும். பழைய சேவலைப் பிரிச்சு எத்தனை நாளாச்சுன்னு வித்தவன்கிட்டக் கேட்டியா? ரெண்டு, மூணு வாரமாச்சும் ஆகியிருக்கணும். பொண்ணு பாக்கப் போனா மட்டும் ஏழு தலைமுறை விசாரிப்பீங்க. முந்நூறு ரூபா முட்டைக்கு அப்பன் யாருன்னு கேக்கக் கூச்சமாப் போச்சு.

ஆனா ஒண்ணு, உன்னைப் பாராட்டணும். நம்ம கீழத்தெருப் பையன் ஒருத்தன் போன வருஷம் கடையில ஒரு அட்டை வெள்ளை முட்டை வாங்கி, கோழிக்கடியில வெச்சுட்டுக் காலண்டரைக் கிழிச்சுக் கிழிச்சுப் பாத்துட்டு இருந்தான். அது நாமக்கல் பண்ணை முட்டைடா. அங்கயிருக்கற கோழிங்க பொறந்ததுலருந்து சேவல் முகத்தையே பாத்ததில்ல. சாமியாரிணிங்க. அந்த முட்டை ஆம்லெட்டுக்குப் பொறந்தது, குஞ்சுக்குப் பொறந்ததில்ல. 21 நாள் கழிச்சு அந்தக் கூடை பக்கம் போனவன் மூக்கு இன்னும் நேராகல.

ரெண்டாங் கேள்வி. இது எப்ப இட்ட முட்டை, எப்படி வந்துச்சு?

இட்டு ரெண்டு நாள் கழிச்சு பார்சல் போட்டான். வண்டியில மூணு நாள். ஆக அஞ்சு நாள். பரவாயில்ல. ஏழு நாளைக்குள்ள அவயம் வெச்சிரணும், அதுக்கு மேல ஒவ்வொரு நாளும் உசுரு கொஞ்சங் கொஞ்சமாக் கழியும். ஆனா சேலத்துலருந்து இங்க வர்றதுக்குள்ள எத்தனை கொண்டை ஊசி வளைவு? 20. டவுன்லருந்து டூர் வர்ற ஆளுங்க பதினாறாம் வளைவுலயே ஜன்னலுக்கு வெளிய தலையை நீட்டறதை நீ பாத்ததில்ல? மனுசனுக்கே அப்படின்னா, மஞ்சக்கருவுக்கு எப்படியிருக்கும்?

முட்டையோட அகலமான பக்கத்துல ஒரு காத்தறை இருக்கு. குஞ்சு மொத மூச்சு விடறதே அதுலதான். வண்டி குலுக்கற குலுக்குல அந்தக் காத்தறையோட சவ்வு பிரிஞ்சு, நீர்மட்டக் குழாய்ல குமிழி ஆடற மாதிரி அங்கயும் இங்கயும் ஓடும். டார்ச் லைட்டை அகலமான பக்கம் வெச்சுப் பாரு, ஆடுதா இல்லையான்னு தெரியும். அதனால வந்ததும் வராததுமா பெட்டிக்குள்ள தள்ளிராதே. கூரான பக்கம் கீழ, அகலமான பக்கம் மேல இருக்கற மாதிரி முட்டை அட்டையில நிறுத்தி, வீட்டுக்குள்ள நிழல்ல ஒரு ராப்பகல் சும்மா விடு. மலையேறி வந்த விருந்தாளிக்கு மொதல்ல திண்ணையில உக்கார எடம் குடுக்கறோம் இல்ல, அது மாதிரி. குளிர்ந்து கெடக்கற முட்டையை நேராச் சூட்டுல வெச்சா ஓட்டு மேல வேர்த்துக் கொட்டும். ஓட்டுல ஆயிரக்கணக்கான துளை இருக்கு. அந்த வேர்வையோட சேந்து கிருமியும் உள்ள போயிரும்.

அப்புறம், எச்சம் ஒட்டியிருக்குன்னு கழுவிராதே. உனக்கு சுத்தம் ஜாஸ்தி, எனக்குத் தெரியும். முட்டைக்கு மேல கோழி ஒரு மெல்லிசுப் பூச்சு பூசித்தான் அனுப்புது. நீ கழுவினா கதவைத் திறந்து விட்ட மாதிரி. காஞ்ச துணியால ஒத்தியெடுத்தாப் போதும்.

மூணாங் கேள்வி. உன் பெட்டி பொய் சொல்லுமா?

சிரிக்காதே. அந்தச் சிவப்பு நம்பர் 37.5 காட்டுது. சரி. விசிறி ஓடற பெட்டிக்கு அதுதான் கணக்கு. விசிறி இல்லாத பெட்டின்னா மேல் காத்து சூடாவும் கீழ் காத்து ஆறியும் கெடக்கும், அதனால முட்டையோட மேல்மட்டத்துல 38.5 வேணும். ஆனா நம்பர் சொல்றது நெசந்தானான்னு யாரைக் கேட்டே? காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி முட்டை பக்கத்துல படுக்க வெச்சு, ரெண்டையும் ஒத்துப்பாரு. ஒரு டிகிரி குறைஞ்சா குஞ்சு நாள் தள்ளி, நோஞ்சானா வரும். ஒரு டிகிரி கூடினா முன்னாடியே வந்து முடமாகும். 40-ஐத் தாண்டி நின்னுச்சுன்னா அவிச்ச முட்டைதான். உப்பும் மிளகுத்தூளும் நான் கொண்டாறேன்.

என்னது, தாத்தா கைநாட்டு, புள்ளி அஞ்செல்லாம் எப்படித் தெரியும்னு கேக்கறியா? கால்நடை டாக்டரம்மா சொன்னதைக் காலண்டர் முதுகுல எழுதி வெச்சிருக்கேன். கையாலதானடா எழுதினேன்? அப்ப கைநாட்டுதான்.

போன மாசம் நீ ஒரு பெட்டி செஞ்சு பாத்தியே, ஞாபகமிருக்கா? பழைய ஐஸ் பெட்டி, உள்ள பல்பு. ரெண்டு நாளாகியும் சூடே ஏறலன்னு தலையைப் பிச்சுட்டு நின்னே. நான் எட்டிப் பாத்தா, உள்ள எல்.இ.டி பல்பு! கரண்டு மிச்சமாகும்னு எரிய விட்டிருக்கே. அதுல வெளிச்சந்தான்டா வரும், குண்டு பல்பு மாதிரி சூடு எங்க வரும்? அந்த முட்டைங்க ரெண்டு நாளும் படிச்சிட்டு இருந்திருக்கும், பாவம்.

எனக்குப் பெட்டி புதுசில்ல. நான் அரைக்கால் சட்டை போட்ட வயசுல ஒரு எஸ்டேட் பங்களாவுல எடுபிடி வேலை. அங்க மண்ணெண்ணெய் விளக்கு வெச்ச மரப்பெட்டி ஒண்ணு இருந்துச்சு. வாத்து முட்டை, கோழி முட்டை எல்லாம் வெப்பாங்க. திரியை ஏத்தறதும் இறக்கறதும் என் வேலை. ராத்திரி நான் தூங்கிட்டேன்னா குஞ்சும் தூங்கிரும், திரும்ப முழிக்காது. அதுக்கு வாங்கின காதுத் திருகல் இன்னும் வலிக்குது.

பழங்காலத்துலயே இந்த வேலையைச் செஞ்சவங்க எகிப்து நாட்டுக்காரங்களாம். என் பேத்தி படிச்சுச் சொன்னா. மண்ணுல பெரிய பெரிய சூளை கட்டி, எருவாட்டியும் வைக்கோலும் எரிச்சு, ஆயிரக்கணக்குல முட்டை பொரிச்சிருக்காங்க. தெர்மாமீட்டர் எல்லாம் கெடையாது. முட்டையை எடுத்துக் கண்ணிமை மேல ஒத்திப் பாப்பாங்களாம். இமை சொல்லிருமாம் சூடு சரியா இல்லையான்னு. இந்த வித்தையைப் பிரான்சு நாட்டு ரேமூர்னு ஒருத்தர் தோண்டித் துருவி, 1749-ல புத்தகமே போட்டுட்டார். அவரு யாரு தெரியுமா? தன் பேருலயே ஒரு வெப்பமானிக் கணக்கு வெச்சிருந்தவரு. அந்த மாதிரி ஆளே அப்பன் பாட்டன் கண்ணிமையில பாத்த வித்தையைக் குனிஞ்சு கத்துக்கிட்டார். நீ என்னடான்னா உங்க ஆயாகிட்ட ஒரு வார்த்தை கேக்க வெக்கப்படறே.

நாலாங் கேள்விதான் முக்கியம். இந்த முட்டைக்கு மலை பழக்கமா?

எதுக்குக் கேக்கறேன்னா, ஏற்காடு 1,515 மீட்டர் உசரம். கடலோரத்தோட பாத்தா இங்க காத்தோட அமுக்கம் ஆறுல ஒரு பங்கு கம்மி. தண்ணியே 95 டிகிரியில கொதிச்சிருது. அதான் உங்க ஆயா பருப்பு வேகலன்னு அடுப்பைத் திட்டிட்டே இருக்கா. காத்து லேசா இருந்தா முட்டை ஓட்டுத் துளை வழியா ஈரம் வேகமா வெளிய ஓடும். உள்ள போற பிராணவாயுவும் கம்மி. மலையிலயே தலைமுறை தலைமுறையா இருக்கற கோழிங்க இதுக்குத் தகுந்த மாதிரி ஓடு நெருக்கமான முட்டை போடப் பழகிக்கும். கீழ்நாட்டு முட்டைக்கு அந்த விவரம் தெரியாது. சமவெளியிலருந்து வந்த ஆளு சேர்வராயன் கோயிலுக்கு ஏறும்போது நாய் மாதிரி மூச்சு வாங்குவான் பாரு, அதே கதைதான் ஓட்டுக்குள்ளயும்.

இன்னொரு வேடிக்கை. வெளிய பாரு, தை மாசப் பனி. பத்தடி தள்ளி நிக்கற மாடு தெரியல. துணி மூணு நாளாக் காயல. நீ என்ன நெனைப்பே? இந்த ஊர்ல ஈரத்துக்கு என்னடா பஞ்சம், பெட்டிக்குள்ள எதுக்குத் தண்ணின்னு நெனைப்பே. அங்கதான் ஏமாந்து போவே. குளிர்ந்த காத்து எவ்வளவு நனைஞ்சிருந்தாலும் அதுல இருக்கற தண்ணி கொஞ்சந்தான். 15 டிகிரிப் பனிக்காத்தைப் பெட்டிக்குள்ள இழுத்து 37.5-க்குச் சூடாக்கினா, அதோட ஈரப்பதம் 30-க்கும் கீழ போயிரும். வெளிய மூடுபனி, உள்ள ராமநாதபுரம்.

மொத 18 நாளைக்கு 50லருந்து 55 வேணும், கடைசி மூணு நாளைக்கு 65லருந்து 70. கிண்ணத்துல தண்ணி வெச்சுட்டே இரு. வாய் அகலமான கிண்ணமா வெய்யி. ஆழம் முக்கியமில்ல, பரப்புதான் முக்கியம். நம்பரை நம்பலன்னா அதுக்கும் வழி இருக்கு. சமையல்கட்டுல உங்க ஆயா சின்ன எலக்ட்ரானிக் தராசு வெச்சிருக்காளே, அதுல முட்டையை நிறுத்து எழுதி வெய்யி. 50 கிராம் முட்டை 18-ஆம் நாள் சுமார் 44 கிராம் இருக்கணும். அதுக்கும் கீழ போச்சுன்னா குஞ்சு உள்ளயே ஒட்டிக் காஞ்சிரும். எடை குறையவே இல்லன்னா ஈரம் ஜாஸ்தி, காத்தறை சின்னதாகி மூச்சு விட எடமில்லாமப் போயிரும். உங்க ஆயா தராசைக் கேட்டா மட்டும் கோழி எச்சம் படாமத் திருப்பிக் குடு. என் பேரைச் சொல்லாதே.

அஞ்சாங் கேள்வி. முட்டையைத் திருப்புவியா, இல்ல அதுக்கும் ஒரு ஆப் இருக்கா?

பெட்டியே திருப்புமா? நல்லது. ஆனா காத்தறை ஆடற முட்டையை மொத ரெண்டு மூணு நாள் தொடாதே. கூரான பக்கம் கீழயே நிக்கட்டும். சவ்வு கொஞ்சம் நிலைப்படட்டும். அப்புறம் உருட்டாம, வலம் இடமா லேசாச் சாய்ச்சு வை. மத்த முட்டைக்கு, கையால திருப்பறதா இருந்தா ஒரு நாளைக்கு மூணு தடவையோ அஞ்சு தடவையோ, ஒத்தைப்படையா இருக்கணும். அப்பத்தான் இன்னைக்கு ராத்திரி இந்தப் பக்கம் படுத்த முட்டை நாளைக்கு ராத்திரி அந்தப் பக்கம் படுக்கும். ஒரே பக்கமாக் கெடந்தா கரு ஓட்டோட ஒட்டிக்கும். பென்சில்ல ஒரு பக்கம் பிள்ளையார் சுழி, இன்னொரு பக்கம் பெருக்கல் குறி போட்டுக்க. பெருக்கல் எதுக்குன்னா பெருகட்டும்னு. சுழி எதுக்குன்னா, இத்தனை செலவு பண்ணினதுக்கு அவர்தான்டா காப்பாத்தணும்.

உள்ள எட்டிப் பாரு, அந்த மூங்கில் கூடையில உங்க ஆயா வெச்ச கருப்புக்கோழி அவயம் உக்காந்திருக்கு, இன்னைக்கு மூணாம் நாள். அது ராத்திரியும் பகலும் அலகால முட்டையை உள்ள தள்ளி வெளிய தள்ளித் திருப்பிட்டே இருக்குது. யாரும் சொல்லித் தரல. ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுந்திருக்கும், நாலு பருக்கை பொறுக்கும், தண்ணி குடிக்கும், பெருசா ஒரு எச்சம் போடும், கால்மணி நேரத்துல திரும்ப வந்து உக்காந்துரும். கூடையில உமி போட்டு, கரித்துண்டு, இரும்பு ஆணி, வரமிளகாய் ரெண்டு போட்டிருக்கா. இடி இடிச்சா முட்டை கூமுட்டை ஆகாம இருக்கவாம். தை மாசத்துல எங்கடி இடி இடிக்கப் போகுதுன்னேன். நீ பேசினாலே போதும்னுட்டா.

ஆறாங் கேள்வி. கரண்டு போனா என்ன பண்ணுவே?

நம்ம ஊர்ல சில்வர் ஓக் கிளை ஒண்ணு கம்பியில சாஞ்சா ராத்திரிக்கு ராத்திரி இருட்டுதான். போயிருச்சுன்னா கத்தாதே, மூடியைத் திறந்து பாக்காதே. பெட்டி மேல கம்பளியைப் போர்த்து. காத்துத் துளையை மட்டும் விட்டுட்டுப் போர்த்து, இல்லன்னா மூச்சு முட்டிச் செத்துரும். கருப்புக்கோழியும் தினம் கால்மணி நேரம் முட்டையை ஆற விட்டுட்டுத்தான வருது? அதனால ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆறினா கரு பொறுத்துக்கும். பொறுக்காதது கூடுதல் சூடுதான். பயந்து போய் சுடுதண்ணி பாட்டிலை முட்டையோட ஒட்டி வெச்சு வேக வெச்சிராதே. ஆற வெச்சுக் கெட்டதை விட அவிச்சுக் கெட்டதுதான் நான் பாத்ததுல ஜாஸ்தி.

ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைச்சுட்டு, டார்ச்சை முட்டைக்கு அடியில வெச்சுப் பாரு. சிலந்தி வலை கட்டின மாதிரி ரத்த நரம்பு பரவியிருந்து, நடுவுல கருப்புப் பொட்டு அசைஞ்சா, உள்ள ஆளு இருக்குன்னு அர்த்தம். வெறும் மஞ்சளாத் தெரிஞ்சா கரு கூடாத முட்டை. சிவப்பா ஒரு வளையம் மட்டும் தெரிஞ்சா, தொடங்கி நின்னு போச்சு. அது ரெண்டையும் எடுத்து வெளிய வெச்சிரு. பாவம் பாத்து உள்ளயே வெச்சே, பதினஞ்சாம் நாள் பெட்டிக்குள்ள வெடிச்சு, முந்நூறு ரூபா வாசனை ஊர் முழுக்க வரும். திரும்ப 14-ஆம் நாள் ஒரு தடவை பாரு. அவ்வளவுதான். நடுவுல ராத்திரிக்கு ராத்திரி பாட்டுக் கச்சேரி மாதிரி லைட் போட்டு ஆடிட்டு இருக்காதே.

எத்தனை பொரிக்கும்னு கேக்கறே. நம்ம வீட்டு முட்டை, நம்ம வீட்டுக் கோழின்னா பத்துக்கு எட்டு வரும், சில தடவை ஒன்பது. பார்சல்ல வந்த முட்டைக்குப் பாதி வந்தாலே மொட்டை போடலாம். உன் பன்னெண்டுல ஆறுன்னு வெய்யி. அந்த ஆறுல பாதி சேவல். மூணு சேவல் பெருசானா ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டு, ஒண்ணு மிஞ்சும், ரெண்டு குழம்பாகும். கோழி குருடா இருந்தாலும் குழம்பு ருசியா இருந்தாச் சரின்னு பழமொழி இருக்கு. குழம்புக்கு விசிறிவால் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

மூஞ்சைத் தொங்கப் போடாதே. முட்டையை வாங்கினதைத் தப்புன்னு சொல்லல. இந்தக் களத்துல காயற காப்பி மட்டும் என்ன, நம்ம பாட்டன் வெதைச்சதா? காக்பர்ன்னு ஒரு சேலம் கலெக்டர் 1820-கள்ல கொண்டாந்து கிரேஞ்ச் எஸ்டேட்ல நட்டது. வந்தேறிச் செடிதான். இன்னைக்கு இந்த மலைக்கே அதுதான் சோறு போடுது. வெளியூர்ப் பொருள் நம்ம மண்ணுல நிக்கும். நிக்க வெக்கறவன் கூடவே நிக்கணும், அதான் சமாச்சாரம். உன் பெட்டி சூடு குடுக்கும், ஈரம் குடுக்கும், திருப்பிக்கூட விடும். 21 நாள் ஒரே எடத்துல புத்தியை வெச்சு உக்காரற வேலையை மட்டும் பெட்டி செய்யாது. கருப்புக்கோழிக்கு இருக்கற அந்த ஒரே படிப்பு உனக்கு இருக்கான்னுதான் நான் இவ்வளவு நேரமாக் கேட்டுட்டு இருக்கேன்.

சரி, கடைசி மூணு நாளுக்கு வருவோம். அதுலதான் உன்னை மாதிரி ஆளுங்க எல்லாத்தையும் கெடுக்கறது.

18-ஆம் நாள் திருப்பறதை நிறுத்து. தண்ணிக் கிண்ணத்தை நிறைச்சு, ஈரத்தை ஏத்தி, மூடியை மூடு. மூடினது மூடினதுதான். குஞ்சு உள்ள தலையைக் காத்தறைக்குள்ள நீட்டி மொத மூச்சு விடும். உள்ளருந்தே கீச்சுக் கீச்சுன்னு கூப்பிடும். அலகு நுனியில சின்னதா ஒரு முட்டைப்பல் இருக்கும், அதால ஓட்டுல ஒரு எடத்துல கொத்தும். கொத்திட்டுச் சும்மா படுத்துரும். அரை நாள், சில சமயம் ஒரு முழு நாள்கூட அசையாது. உனக்குக் கை பரபரக்கும். நாமளே ஓட்டை உரிச்சு விட்டா என்னன்னு தோணும். உரிச்சிராதேடா! அந்த நேரத்துல அது தூங்கல. சவ்வுல ஓடற ரத்தத்தை உடம்புக்குள்ள இழுத்துட்டு இருக்கு, மிச்ச மஞ்சக்கருவை வயித்துக்குள்ள வாங்கிட்டு இருக்கு. நீ உரிச்சா ரத்தம் கொட்டிச் சாகும். பொரிச்சு வந்ததுக்கும் அவசரப்பட்டுத் தீனி வெக்க வேண்டாம். உள்ள வாங்கின மஞ்சக்கரு ரெண்டு நாளைக்குத் தாங்கும். ரோமம் காஞ்சு பஞ்சு மாதிரி ஆகற வரைக்கும் பெட்டிக்குள்ளயே கெடக்கட்டும். நீ மூடியைத் திறந்தா உள்ளயிருக்கற ஈரக்காத்து ஓடிப்போயி, பாதி வந்த குஞ்சுக்குச் சவ்வு காஞ்சு சட்டை மாதிரி இறுகிரும்.

அப்புறம் வெளிய வந்த குஞ்சுக்கு மொத வாரம் 35 டிகிரி சூடு வேணும், வாரத்துக்கு மூணு டிகிரி குறைச்சுட்டே வரலாம். குண்டு பல்பு! எல்.இ.டி இல்ல, திரும்பச் சொல்றேன். ஏழாம் நாள் கண்ணுல ஒரு சொட்டு லசோட்டா மருந்து. ராணிக்கெட்டுன்னு ஒரு கழிச்சல் வருமே, வெள்ளையும் பச்சையுமாக் கழிஞ்சு கழுத்தை முறுக்கிட்டுச் சாகும், அதுக்குத்தான். ராணிக்கேத்துங்கறது வடக்க இமயமலையில நம்ம ஏற்காடு மாதிரி ஒரு குளுகுளு ஊரு. 1920-களோட கடைசியில இந்தியாவுல அந்த நோயை அங்கதான் கண்டுபிடிச்சாங்க, பேரு ஒட்டிக்கிச்சு. நல்ல ஊரோட பேரைக் கோழி கெடுத்துருச்சு பாரு. பிப்ரவரியில கால்நடைத்துறைக்காரங்க ஊரூருக்கு முகாம் போட்டுச் சும்மாவே ஊசி போடறாங்க, அதுக்கும் தூக்கிட்டுப் போ.

இப்பக் கைநாட்டுக் கிழவன் ஒரு யோசனை சொல்றேன், கேக்கறதும் விடறதும் உன் இஷ்டம். பன்னெண்டையும் ஒரே எடத்துல வெக்காதே. ஆறைப் பெட்டியில வெய்யி. ஆறை உங்க ஆயாவோட கோழிக்கடியில வெய்யி. கருப்பு இல்ல, அது மூணு நாள் முன்னாடி உக்காந்துருச்சு, அது கணக்கு வேற. கொட்டாய்ல செவலை ஒண்ணு ரெண்டு நாளா ரோமத்தைச் சிலிர்த்துட்டு, கிட்டப் போனா க்ளுக் க்ளுக்னு மிரட்டிட்டுத் திரியுது. அது அவயத்துக்குத் தயார். நாளைக்கு ராத்திரி ரெண்டு எடத்துலயும் ஒண்ணா வெப்போம். ஒரே நாள்ல பொரிக்கும். பெட்டியில பொரிச்ச குஞ்சை அன்னைக்கு ராத்திரி இருட்டுல செவலையோட இறக்கைக்கடியில மெதுவாத் தள்ளிவிட்டுரலாம். காலையில எழுந்து எல்லாம் தன் புள்ளைங்கன்னு கூட்டிட்டுப் போயிரும். கோழிக்கு எண்ணத் தெரியாது. பல்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். பருந்து வந்தாலும், கீரி வந்தாலும் அது பாத்துக்கும். உனக்குப் பெட்டி வாங்கின பெருமையும் போகாது. எனக்குத் தரகு ஒரு ஜோடி. சேவல் ஒண்ணு, பொட்டை ஒண்ணு. ரெண்டும் சேவலாக் குடுத்து ஏமாத்தினா உங்க ஆயாகிட்ட விலையைச் சொல்லிருவேன்.

எதுக்குச் செவலையை மட்டும் அவயத்துக்கு விடறே, போன தடவை வெள்ளைக்கோழி உக்காந்தப்ப ஏன் விடலன்னு கேக்கறியா? அதுவா, அப்ப முட்டை கையில இல்ல. வெறுங்கூடையில உக்காந்துட்டு எழுந்திருக்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சுச்சு. தீனி எடுக்காது, முட்டை போடாது, உருப்படியா ஒரு வேலை பண்ணாது, சும்மா சிலிர்த்துட்டே உக்காந்திருக்கும். அதுக்கு ஒரு வைத்தியம் இருக்கு. அதோட இறகையே ஒண்ணு பிடுங்கி மூக்குத் துளையில குறுக்கச் செருகி, தொட்டித் தண்ணியில ரெண்டு முக்கு முக்கி எடுத்து விட்டா, அவயம் தெளிஞ்சு ஓடிரும்.

எதுக்குச் சொல்றேன்னா, 18-ஆம் நாள் மூடியை மூடின பிறகு, நீ அந்தப் பெட்டி பக்கத்துலயே சிலிர்த்துட்டு உக்காந்து, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து திறந்து பாத்தேன்னு வெய்யி, இறகு என்கிட்ட இருக்கு. தொட்டியில தண்ணியும் இருக்கு. தை மாசத் தண்ணி.